தலை திரும்பும் நொடி

வணக்கம். குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "ஹெட்கார்ட் போட்டுத்தானே டாக்டர் ஆடுறான்?" தலையைச் சுற்றி அணியும் மெத்தைக் கவசத்தைத்தான் ஹெட்கார்ட் என்கிறார்கள். அந்தப் பெற்றோருக்காகவே இன்று பேச வந்தேன்.

உறைந்த தயிர் இருக்கும் கிண்ணத்தைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். கிண்ணம் திரும்பிவிடும்; தயிர் பின்தங்கி, ஓரத்தில் விரிசல் விடும். தாடையில் பக்கவாட்டில் ஒரு ஹூக், அதாவது முழங்கையை மடக்கி வீசும் குத்து, விழும்போது மண்டைக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். ஆக்ஸ்போர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் மண்டையோட்டு வடிவில் ஜெலட்டினை வைத்து இதை ஆராய்ந்து 1943-இல் எழுதினார். மூளையை அமுக்கிச் சுருக்குவது கடினம். முறுக்கிச் சிதைப்பது மிகச் சுலபம். முறுக்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. மூளையிலிருந்து மேலுறைக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய் அறுந்தால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்கிறது.

தாடையில் ஏன்? கதவைக் கீல் பக்கம் தள்ளினால் அசையாது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் எளிதில் திரும்பும். கழுத்துதான் கீல், தாடை கைப்பிடி. 1985-இல் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புருனோவின் குத்தை அளந்தபோது உச்ச விசை 4,096 நியூட்டன் இருந்தது. 400 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமம்.

குத்து வருவதைப் பார்த்துவிட்ட வீரர் கழுத்தை இறுக்கிக்கொள்வார். பார்க்காத குத்துதான் ஆளைச் சாய்க்கும். களைத்தவருக்கோ பார்த்தாலும் கழுத்து இறுகாது. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில், அமெரிக்க வீரர் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-ஆவது ரவுண்டில் விழுந்தார். மூளையில் ரத்தம் கட்டி, சில நாட்களில் இறந்தார். அதன் பிறகே உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் 15 ரவுண்டை 12 ஆக்கியது. அந்த மூன்று ரவுண்டுக்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

இனி ஹெட்கார்ட். புருவம் கிழியாமல் காக்கும், நல்லது. ஆனால் தலை திரும்புவதை அது நிறுத்தாது. 2013-இல் ஆண்கள் அமெச்சூர் போட்டிகளில் அதை எடுத்தேவிட்டார்கள். அந்த முடிவு பற்றிய விவாதம் ஓயவில்லை.

போட்டியைவிடப் பயிற்சியில் வாங்கும் குத்துகளே எண்ணிக்கையில் அதிகம். ஆகவே பயிற்சியாளரிடம் இதைக் கேளுங்கள்: என் பிள்ளை வாரத்துக்கு எத்தனை ரவுண்டு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்கிறான்? தலை சுற்றுகிறது என்று அவன் சொன்னால் அன்றே நிறுத்தி டாக்டரிடம் அனுப்புவீர்களா?