சட்டைப் பையில் ஒரு தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் நடக்கவிருக்கும் தமிழ் மாநாட்டில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கடல் கடந்து வருகிறவர்களுக்குப் பயணம் பற்றி முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றும் கேட்டார்கள். சொல்கிறேன். அதற்குமுன், அதைச் சொல்கிற நான் எங்கிருந்து வந்தவன் என்பதையும் கேளுங்கள்.

இந்த ஊரை ஒட்டிய ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான். அம்மா இருட்டோடு எழுந்து, வேலைக்குமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவிவிட்டு வருவார். எங்கள் ஊரின் மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட். 1953இல் ஐ.நா. பொதுச் சபைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி அவர். அந்த அம்மையார் வந்து போனதை அப்பா ஓயாமல் சொல்வார். உலகத்து நாடுகளையெல்லாம் ஒரே மண்டபத்தில் அமர்த்திப் பேசவைத்தவர், தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் வந்தாரே என்ற வியப்புதான் என்னை வெளியுறவுப் பணிக்கு இழுத்தது.

பணியில் சேர்ந்த பிறகு ஆர். ரமணியைப் பற்றி ஆர்வத்தோடு படித்தேன். மலேசியாவுக்கு ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் இடம் கிடைத்ததை எதிர்த்து 1965 ஜனவரியில் இந்தோனேசியா ஐ.நா.வை விட்டே வெளியேறியது. அதே ஆண்டு மே மாதம் அந்த மன்றத்தின் தலைவர் நாற்காலியில் மலேசியாவுக்காக அமர்ந்தவர் இந்தத் தமிழ் வழக்கறிஞர். அதை நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் தூதரகப் பணி என்பது பெரிய மண்டபங்களில் மட்டும் நடப்பதன்று. என் காலத்தில் பாதி, சிறைகளின் பார்வையாளர் அறைகளிலும் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் கழிந்தது. ஒரு நாட்டில், சிறையிலிருந்த மலேசியப் பையன் ஒருவனைச் சந்தித்தேன். "தெரிந்தவர் கொடுத்த பை சார், உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது" என்றான். கைதாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிடிபட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் தர வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு. அப்படிக் கேட்கலாம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அதனால் இதைக் கெஞ்சியே சொல்கிறேன்: மலேசியாவுக்கு வரும்போது அடுத்தவர் பையை வாங்காதீர்கள், சொந்தக்காரர் கொடுத்தாலும் சரி. இங்கே 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். தூக்கு கட்டாயம் என்ற விதி 2023இல் நீக்கப்பட்டது. தூக்குத் தண்டனை நீக்கப்படவில்லை. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு, மாத்திரையை அதன் அட்டையிலேயே கொண்டுவாருங்கள். டப்பாவில் கொட்டிக் கலக்காதீர்கள்.

கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையை (MDAC) இணையத்தில் நிரப்புங்கள். அது இலவசம், பணம் கேட்கிற தளத்தை நம்பாதீர்கள். தங்குமிட முகவரியை அதில் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள். இந்தியக் குடிமக்கள் 2026 இறுதிவரை விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம். மற்ற நாட்டினர் தத்தம் மலேசியத் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்ளட்டும்.

கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரத்தில் நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து இடிஎஸ் மின்ரயில் வடக்கே வருகிறது. சுங்கை சிப்புட்டில் நிற்கிற வண்டியா என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். இல்லையென்றால் ஈப்போவில் இறங்குங்கள், அங்கிருந்து முப்பது கிலோமீட்டர்தான். பள்ளி விடுமுறையிலும் பண்டிகை நாள்களிலும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடிகாரத்தை இந்திய, இலங்கை நேரத்திலிருந்து இரண்டரை மணி முன்னே தள்ளுங்கள். மின்செருகிக்கு மூன்று தட்டைக் கால்கள் வேண்டும். மாலை மழைக்குக் குடை வேண்டும்.

மலாய்ப் பெண்களைச் சந்திக்கும்போது, அவர்கள் கை நீட்டினால் மட்டும் கைகுலுக்குங்கள். இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்து வணங்கினால் போதும்.

இன்னும் ஒன்று. உங்கள் நாட்டுத் தூதரகத்தின் எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள், தாளிலும் எழுதுங்கள். அந்தப் பையனின் கைப்பேசியைப் பறித்துவிட்டார்கள். அவன் சட்டைப் பையில், புறப்படும்போது அவன் அம்மா எழுதிக் கொடுத்த தாள் ஒன்று இருந்தது. ஒன்பதாம் நாள் ஒரு காவலர் அதைப் பார்த்து எங்கள் எண்ணுக்கு அழைத்தார். அன்று தொலைபேசியை எடுத்தவன் நான்.

நன்றி. வணக்கம்.