கண்மாய்க் கரையில் ஒரு புவியியல் வகுப்பு

வணக்கம். மதுரைக்குக் கிழக்கே, மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான்.

ஒருநாள் சம உயரக் கோடு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "சார், இந்தக் கோடு தரையில எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள். கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கற்பனைக் கோடு என்று புத்தகத்தில் இருந்ததையே திரும்பச் சொன்னேன். பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலம், ஊர் ஏரியான கண்மாயின் கரை வழியாக வீட்டுக்குப் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. தேங்கி நிற்கிற தண்ணீரின் விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டம். அப்படியென்றால் அந்த ஈர விளிம்புதான் சம உயரக் கோடு! அந்தப் பிள்ளை கேட்ட கோடு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே கிடந்திருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த கண்மாய், தை மாதத்துக்கு அப்புறம் மெல்ல இறங்கும். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் கல்லில் சாண் சாணாகச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். தண்ணீர் ஒவ்வொரு சாண் இறங்கும்போதும், அன்றைய விளிம்பு நெடுகப் பிள்ளைகள் கல் அடுக்கினார்கள். நாலைந்து வரிசை ஆனதும் எல்லாரையும் கரை மேல் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். கண்மாயின் உட்பகுதியான உள்வாய்ப் பக்கம், தரை சரிவே தெரியாமல் கிடக்கிற இடத்தில், வரிசைகள் தள்ளித் தள்ளி இருந்தன. கரையின் செங்குத்தான சரிவில் நெருக்கியடித்துக் கிடந்தன. கோடுகள் நெருங்கினால் சரிவு அதிகம், விலகினால் குறைவு. அதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அந்த மாணவிதான் முதலில் சொன்னாள்.

ஒன்று மட்டும் ஆசிரியர்கள் மறக்கக்கூடாது. கூட இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும். பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இறங்க விடவே கூடாது. கல் எல்லாம் காய்ந்த தரையில்தான்.

அடுத்த வாரம், ஊர் நீர்பாய்ச்சியை வகுப்புக்கு அழைத்தோம். மடையைத் திறந்து எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பார்ப்பவர் அவர். அரை மணி நேரம் பேசினார். தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், மடை, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு, அது வெளியே ஓடும் மறுகால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே, கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களான ஆயக்கட்டைத் தரையில் குச்சியால் கீறிக் காட்டினார். எங்கள் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து எந்தக் கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் எதற்குப் போகும் என்று வரிசையாகச் சொன்னார். மழைத்தண்ணீர் வடிந்து ஒன்றாகச் சேரும் நிலப்பரப்பான வடிநிலம் என்ற பாடத்துக்கு அதைவிட நல்ல வகுப்பை நான் எடுத்ததில்லை. அவருக்கு நாற்காலி போட்டு, தலைமையாசிரியர் துண்டு போர்த்தினார். ஊரின் நிலத்தைத் தெரிந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் அந்த மரியாதையைச் செய்யத்தான் வேண்டும்.

அப்புறம் பிள்ளைகள் எதிர்த்திசையில் கேட்க ஆரம்பித்தார்கள். நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து சார் வருகிறது? வரைபடத்தை விரித்தோம். பெரியாறு பிரதானக் கால்வாய், வைகைத் தண்ணீரை அதில் திருப்பிவிடும் பேரணை, வைகை அணை, கம்பம் பள்ளத்தாக்கு என்று விரல் மேற்கே போய், மலைக்கு அந்தப் பக்கம் முல்லைப் பெரியாற்றில் நின்றது. அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது 1895இல். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை தங்கள் வயலுக்கு வருகிறது என்று தெரிந்தபோது வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

பக்கத்தில் கண்மாய் இல்லாத பள்ளிக்கூடம் என்ன செய்யும்? மழை எல்லா ஊரிலும் பெய்கிறது. 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். வகுப்பறைக் கூரையை அளக்கச் சொல்லுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்த பிள்ளை, கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று தானாகவே கேட்கும்.

வெயிலும் அப்படித்தான். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். நட்ட குச்சிக்கு நிழலே விழாது. ஆனால் அது கடிகாரத்தில் 12 மணிக்கு நடக்காது. நம் கடிகாரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கக் கோட்டைப் பின்பற்றுகிறது. மதுரை 78 டிகிரிக்குப் பக்கம். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். ஆக, 12 மணி 20 நிமிடத்தை ஒட்டித்தான் நிழல் மறையும்.

ஏப்ரலில் தேர்வு நேரம். ஆகஸ்ட் கடைசி வாரம் வசதிப்படும். செங்குத்தாக ஒரு குச்சி நட்டு, 12 மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மேகம் மூடினால் மறுநாள் பாருங்கள். அந்த வாரம் முழுக்கவே நிழல் அநேகமாக இருக்காது.

வணக்கம்.