மழைக்காக ஒதுக்கிய காடு

நேயர்களுக்கு வணக்கம்.

கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்த நமக்குக் கரீபியன் தீவான டிரினிடாட் நன்றாகத் தெரியும். பிரையன் லாரா பிறந்த மண். அந்த நாட்டின் முழுப் பெயரில் இரண்டாவதாக வரும் டொபாகோ நம் காதில் அவ்வளவாக விழுந்ததில்லை. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளமும் 10 கிலோமீட்டர் அகலமும் கொண்ட சின்னத் தீவு அது. விடுமுறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தென்மேற்கு முனையில் விமானத்தை விட்டு இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் வெண்மணல் கடற்கரைகளில் நாட்களைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்தக் கடல் அப்படி. ஆனால் ஒரு காலைப் பொழுதையாவது மலைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று வந்திருக்கிறேன்.

தீவின் நடுவிலிருந்து வடகிழக்காக நீளும் மலைத்தொடருக்கு மெயின் ரிட்ஜ் என்று பெயர். உயரம் 600 மீட்டரைக்கூடத் தொடாது. அதன் மேலுள்ள மழைக்காட்டை 1776 ஏப்ரல் 13 அன்று ஒரு சட்டம் தனியாகப் பிரித்து வைத்தது. அமெரிக்கர்கள் தங்கள் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது. அரசனின் வேட்டைக்காகவோ கப்பல் கட்டும் மரத்துக்காகவோ காட்டை ஒதுக்கும் வழக்கம் அதற்கு முன்பே பல நாடுகளில் இருந்தது. டொபாகோவில் சொல்லப்பட்ட காரணம் வேறு: மழையைக் காப்பதற்காக. இயற்கையைப் பேணும் நோக்கத்துடன் சட்டத்தால் காக்கப்பட்ட காடுகளில் உலகிலேயே மிகப் பழையது இதுதான் என்று கருதப்படுகிறது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியில் வைத்து, மண்ணிலிருந்து ஈரம் வெளியேறாதபடி ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடை போட்டுக்கொண்டே வந்தார். செடி இலை வழியாக எவ்வளவு தண்ணீரைக் காற்றில் விடுகிறது என்பதை அப்படித்தான் அவர் அளந்தார். அந்த ஆய்வுகளை 1727-இல் நூலாக வெளியிட்டார். மரங்களுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டு என்ற கருத்து அவரிடமிருந்து சோம் ஜெனின்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரைச் சென்றடைந்தது. டொபாகோ 1763-இல் பிரிட்டனின் கைக்கு வந்து, நிலம் அளந்து துண்டு துண்டாக விற்பனைக்கு வந்த காலம் அது. குடியேற்ற நாடுகளின் காரியங்களைக் கவனித்த வாரியத்தில் ஜெனின்ஸ் இருந்தார். மலை முகட்டை மட்டும் யாருக்கும் விற்கக் கூடாது என்று பல ஆண்டுகள் வாதாடி அதைச் சட்டமாக்கினார்.

இதைக் கேட்டவுடன் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மழை யாருக்காக? மலைக்குக் கீழே விரிந்துகிடந்த கரும்புத் தோட்டங்களுக்காக. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். சட்டம் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர்கள் அந்தத் தீவில் மீண்டும் மீண்டும் கிளர்ந்தெழுந்தார்கள், கொடூரமாக ஒடுக்கப்பட்டார்கள். காட்டைப் போற்றும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. இன்று அந்தக் காட்டுக்குள் நம்மை அழைத்துப் போகிறவர்கள், அந்த அடிமைகளின் கொள்ளுப்பேரர்களுக்குப் பிள்ளைகளாகவும் பேரர்களாகவும் பிறந்தவர்கள். காட்டின் மேல் அவர்களுக்குள்ள உரிமை அந்த நாடாளுமன்ற உறுப்பினருக்கு இருந்ததைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

நடைக்கு வருகிறேன். ராக்ஸ்பரோ என்ற ஊரிலிருந்து மலையைக் கடந்து மறுகரைக்குப் போகும் சாலையோரத்தில் கில்பின் டிரேஸ் என்ற ஒற்றையடிப் பாதை தொடங்குகிறது. அங்கேயே முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். செம்மண் சேறு கணுக்காலுக்கு மேல் ஏறும், ஊன்றிக்கொள்ள ஒரு தடியும் வேண்டும். எங்கள் வழிகாட்டி பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த பெண்மணி. புறப்படும் முன்பே, இந்தத் தீவில் உயிருக்கு ஆபத்தான நச்சுப் பாம்பு கிடையாது, பயப்படாமல் வாருங்கள் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் குழுவில் எல்லாருடைய கண்ணும் தரையை விட்டு மேலே போனது.

முதலில் அவர் காட்டியது எறும்புகளை. ஒவ்வொன்றும் தன்னைவிடப் பெரிய இலைத்துண்டைத் தூக்கிக்கொண்டு பாதையின் குறுக்கே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த இலையை எறும்பு தின்பதில்லை. புற்றுக்குள் கொண்டுபோய், மென்று, அதன் மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து, அந்தப் பூஞ்சையைத்தான் சாப்பிடுகிறது. மனிதன் ஏர் பிடிப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேளாண்மை!

சற்றுத் தூரம் போனதும் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். தாழ்ந்த கிளையொன்றில் இரண்டு சிறு பறவைகள். கருத்த உடல், முதுகில் நீலம், உச்சியில் சிவப்பு. நீலமுதுகு மானக்கின் ஆண்கள். டொபாகோவில் உண்டு, பக்கத்திலேயே இருக்கும் டிரினிடாட்டில் இல்லை. ஒன்று மேலே எழும்ப, மற்றது அதன் அடியில் நகர்ந்து அந்த இடத்தைப் பிடிக்க, முன்னது மீண்டும் இறங்க, இப்படி மாறி மாறி ஆடின. பெண் பறவையைக் கவர்வதற்கான ஆட்டம் இது. வியப்பு என்னவென்றால், இரண்டும் சேர்ந்து ஆடினாலும் இணை சேருவது பெரும்பாலும் மூத்த ஆண் மட்டும்தான். இளையது ஆண்டுக்கணக்கில் துணையாட்டம் ஆடித் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. நாங்கள் அந்தக் கிளையைப் பார்த்தபடியே நெடுநேரம் நின்றோம். வழிகாட்டியும் அவசரப்படுத்தவில்லை. ஒரு நாளில் எத்தனை பறவை பார்த்தோம் என்று எண்ணும் பயணிகளுக்கு இது பிடிக்காமல் போகலாம், எனக்கு அதுதான் நல்ல வழிகாட்டியின் இலக்கணம்.

பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்களே, இருவர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கும் அளவு பெரிய அடிமரம் எத்தனை பார்த்தீர்கள்?" அப்போதுதான் சுற்றிலும் கவனித்தோம். பச்சை அடர்த்தியாக இருந்தது. மரப்பெரணிகள், கிளைகளில் ஒட்டி வளரும் புரோமிலியாச் செடிகள், எங்கும் பாசி. ஆனால் இருநூறு ஆண்டுக்கு மேல் காக்கப்பட்ட காட்டில் நாம் எதிர்பார்க்கும் பருத்த மரங்கள் அதிகம் இல்லை.

1963 செப்டம்பர் 30. ஃபுளோரா என்ற சூறாவளி டொபாகோவைத் தாக்கிய நாள். மெயின் ரிட்ஜ் காட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அன்று சிதைந்துபோனது. கீழே தென்னையும் கொக்கோவும் வாழையும் அழிந்தன. அந்த அடியிலிருந்து தீவின் வேளாண்மை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை, மக்கள் மெல்லச் சுற்றுலாவை நோக்கித் திரும்பினார்கள். இந்தக் காட்டில் வாழ்ந்த வெண்வால் சேபர்விங் என்ற பெரிய ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) வகைப் பறவை தீவிலிருந்தே மறைந்துவிட்டது என்று எண்ணினார்கள். 1974-இல் அது மறுபடி கண்ணில் பட்டது. நாங்கள் போன அன்றும் அது வந்தது. உடலெல்லாம் பச்சை மினுங்க, வாலின் ஓரத்து வெண்மை பளிச்சிட, சிவந்த ஹெலிகோனியாப் பூவின் முன் இறக்கையடித்து நின்று தேன் குடித்துவிட்டுப் போனது.

இங்கேதான் அந்தப் பழைய சட்டத்தின் முழு மதிப்பு எனக்குப் புரிந்தது. 1776-இல் காப்பதாகச் சொன்ன மரங்களை ஒரே நாள் காற்று சாய்த்துவிட்டது. ஆனாலும் அந்த முகடு யாருடைய தோட்டமாகவும் ஆகியிருக்கவில்லை. விழுந்த இடத்திலேயே விதைகள் முளைக்க நிலம் இருந்தது. அந்தப் பறவை தப்பிப் பிழைக்க அங்கங்கே துண்டுக் காடுகள் மிஞ்சியிருந்தன. நாம் இன்று நடப்பது பெரும்பாலும் 1963-க்குப் பிறகு எழுந்த காட்டில்.

மரம் மழையைக் கொண்டுவருமா என்று கேட்பீர்கள். டொபாகோவைப் போன்ற சின்னத் தீவில் மழைக்கு முதன்மைக் காரணம், கடல் கடந்து வரும் ஈரமான வியாபாரக் காற்று மலையில் முட்டி மேலெழுவதுதான். காடில்லாவிட்டாலும் மேகம் கூடும். ஆனால் காடில்லாத சரிவில் பெய்யும் மழை, மண்ணையும் வாரிக்கொண்டு அன்றைக்கே கடலுக்கு ஓடிவிடும். பெய்ததைப் பிடித்து வைத்துக் கோடை முழுவதும் ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது காட்டின் வேலை. தீவின் குடிநீர்த் தேவையில் பெரும்பங்கு இந்த மலைநீரை நம்பித்தான் இருக்கிறது. ஜெனின்ஸின் அறிவியல் பாதி சரி, செய்த காரியம் முழுக்கச் சரி. காடு போனால் மழை போகும் என்ற கவலை நம் பக்கமும் வந்து சேர்ந்தது. 80 ஆண்டுகள் கழித்து, 1856-இல், சென்னை மாகாணத்தில் ஹியூ கிளெக்ஹார்ன் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்ட காலத்தில் இதே விவாதம் இங்கே சூடாக நடந்துகொண்டிருந்தது.

2020-இல் வடகிழக்கு டொபாகோவை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. போவதென்றால் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் போங்கள், சேறு குறைவாக இருக்கும். விடிந்ததும் புறப்படுங்கள். தனியாகப் போகாமல் அந்தப் பகுதியைச் சேர்ந்த வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். காற்றின் வேகம் எட்டாத பள்ளங்களில் ஃபுளோராவுக்குத் தப்பிய பழைய மரங்கள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அழைத்துப் போவார்கள்.

நன்றி, வணக்கம்.