1,600 கடைகள், ஐந்தே மாதத்தில் காலி: சுபிக்ஷாவில் என்ன நடந்தது?

2008 செப்டம்பரில் இந்தியா முழுக்கச் சுமார் 1,600 கடைகள். 2009 பிப்ரவரியில் எல்லாவற்றுக்கும் பூட்டு. ஏறத்தாழ 15,000 பேர் வேலை பார்த்த இடம். இத்தனையும் தொடங்கியது சென்னை திருவான்மியூரில். சுபிக்ஷா மளிகை, மருந்துக் கடைகள் ஞாபகம் இருக்கிறதா?

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.ஐ.டி. சென்னையிலும் ஐ.ஐ.எம். அகமதாபாத்திலும் படித்த ஆர். சுப்பிரமணியன் 1997இல் முதல் கடையைத் திறந்தார். 2000இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் போட்டுப் பங்கு வாங்கியது. சில வருடங்களில் தமிழ்நாட்டில் நூற்றுச் சொச்சம் கடைகள். போதும், கடைக்குள் போவோம்.

ஏ.சி. கிடையாது. மெயின் ரோட்டில் இருக்காது, வீடுகள் இருக்கிற தெருவில் இருக்கும். அம்மா மாதம் பிறந்ததும் அப்பாவின் பிரஷர் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு அங்கேதான் போவார். மருந்துக்கு 10 சதவீதம் தள்ளுபடி. மளிகையும் எம்.ஆர்.பி.க்குக் கீழே. எம்.ஆர்.பி.தான் விலை என்று நாம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

எப்படிக் கட்டுப்படியானது? ஒரு கணக்குக்கு, 100 ரூபாய் சோப்பைக் கடைக்காரர் 88க்கு வாங்கி 95க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்பது 7 ரூபாய். வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம் அதற்குள்தான். அந்த 88 ரூபாய் மாதத்தில் இரண்டு மூன்று முறை சரக்காகவும் காசாகவும் மாறி மாறிச் சுற்றினால்தான் பிழைக்க முடியும். ரேக் காலியாக இருந்தால் சுற்று நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

2006 வாக்கில் டெல்லி, மும்பை, குஜராத் என்று பாய்ச்சல். செல்போன் விற்பனை வேறு. பெரும்பாலும் கடன் வாங்கித்தான்.

இங்கே ஒரு ஒப்பீடு. டி-மார்ட் 2002இல் மும்பை பவாயில் முதல் கடை போட்டது. அதுவும் தள்ளுபடிக் கடைதான். ஆனால் முடிந்தவரை இடத்தைச் சொந்தமாக வாங்கி, ஒரு கடை காலூன்றிய பிறகே அடுத்ததற்குப் போனார்கள். 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது சுமார் 120 கடைகள். பதினைந்து வருடத்தில் 120! சுபிக்ஷா இரண்டு மூன்று வருடத்திலேயே ஆயிரத்துக்கு மேல் திறந்தது. இந்தக் கணக்கைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதைவிட ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. 2008 மார்ச்சில் அசிம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் சுபிக்ஷாவின் 10 சதவீதப் பங்கை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. கம்பெனிக்கு 230 கோடி வந்துவிட்டது என்றுதானே நினைக்கத் தோன்றும்? இல்லை. பங்கை விற்றது ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர். பணம் அவர்களுக்குப் போனது. சுபிக்ஷாவின் கல்லாவில் ஒரு ரூபாய்கூடச் சேரவில்லை. ஒருவர் வீட்டு மனையை வாங்குகிறீர்கள், பக்கத்து மனையின் விலையும் ஏறுகிறது. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் காசு வந்துவிடுமா? அப்படித்தான்.

அந்த வருடம் செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது. இங்கேயும் கடன் கிடைப்பது கடினமானது. அக்டோபரில் சுபிக்ஷாவிடம் ரொக்கம் தீர்ந்தது. காசு இல்லை, அதனால் சரக்கு இல்லை. சரக்கு இல்லை, அதனால் வியாபாரம் இல்லை. தலைக்கு மேல் 700 கோடிக்கும் அதிகமான கடன்.

சரி, அந்த 15,000 பேர்?

பில் போட்டவர்கள், மருந்து எடுத்துக் கொடுத்தவர்கள், மூட்டை இறக்கியவர்கள். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. காவலாளிகளை அனுப்பிய ஏஜென்சிகளுக்கும் பாக்கி. காவல் போனதும் பல கடைகள் சூறையாடப்பட்டன. வாடிக்கையாளர் வந்து "சர்க்கரை எப்பம்மா வரும்?" என்று கேட்டால், காலி ரேக்குக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியவர் யார்? சம்பளமே வராத அந்தப் பெண்தான். முதலீட்டாளர்களின் நஷ்டத்தைப் பற்றி எவ்வளவோ எழுதினார்கள். இவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாலே பெரிது. எனக்கு அதில்தான் கோபம்.

பி.எஃப். பாக்கி என்ற புகாரும் வந்தது. இன்று போனிலேயே பாஸ்புக் பார்க்கிறோம். அதற்கு வேண்டிய யு.ஏ.என். என்கிற பி.எஃப். அடையாள எண் வந்ததே 2014இல். 2008இல் வருடத்துக்கு ஒரு சீட்டு வரும், அவ்வளவுதான். சம்பளத்தில் பிடித்ததைக் கம்பெனி கட்டியதா என்பது மாதாமாதம் தெரிய வழியே இல்லை.

சட்டம் இருந்ததா என்றால், இருந்தது. கம்பெனியை நீதிமன்றம் கலைத்தால், தொழிலாளர் பாக்கிக்கு அடமானக் கடன் கொடுத்த வங்கியோடு சமமான இடம் இருந்தது. காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால், வேலை வாங்கிய கம்பெனியே தர வேண்டும் என்று அன்று நடப்பில் இருந்த 1970ஆம் வருடச் சட்டம் சொன்னது. ஆனால் கலைப்பு வழக்கு முடிய வருடங்கள் ஆகும். வீட்டு வாடகைக்கு அத்தனை பொறுமை கிடையாதே.

அப்புறம், 2023 நவம்பரில் சுப்பிரமணியனுக்குச் சென்னை தனி நீதிமன்றம் 20 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. அது சுபிக்ஷா வழக்கு அல்ல, அவருடைய விஸ்வபிரியா நிதி நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் ஏமாற்றப்பட்ட வழக்கு. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

சுபிக்ஷாவில் வேலை பார்த்த யாராவது இதைப் பார்க்கிறீர்களா? உங்கள் அக்கா, சித்தப்பா யாராவது இருந்தாலும் இந்த வீடியோவை அவர்களுக்கு அனுப்புங்கள். கடைசிச் சம்பளம் எந்த மாதம் வந்தது, பி.எஃப். முழுசாகக் கைக்கு வந்ததா என்று கமெண்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நானே படிப்பேன்.