எனக்குக் காபி பிடிக்கும்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரே ஒரு ஸ்பானிஷ் வாக்கியம் போதும்: 'மே குஸ்தா எல் கஃபே'. எனக்குக் காபி பிடிக்கும். குஸ்தாவில் வரும் 'தா'வை 'டா' ஆக்கிவிடாதீர்கள். 'பத்து' என்று சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடுகிறதே, அதே ஒலி.

நான் ஸ்பானிஷ் படித்தது ஆங்கில வழி வகுப்பில். முதல் வாரமே 'யோ குஸ்தோ கஃபே' என்று உளறினேன். யோ என்றால் நான். ஆங்கிலத்தில் காபியை விரும்புகிறவர் 'நான்'தானே, அந்தக் கணக்கு. ஆசிரியை சிரித்துக்கொண்டே திருத்தினார். வீடு திரும்பும்போது பஸ்ஸில்தான் உறைத்தது: தமிழில் 'நான் காபி பிடிக்கிறேன்' என்றா சொல்கிறோம்? 'எனக்கு' என்றுதானே! அந்த 'எனக்கு'தான் 'மே'. 'குஸ்தா', பிடிக்கும். நான்காம் வேற்றுமையைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைச் சுற்றிப் போயிருக்கிறேன்.

'எல்' மட்டும் நம்மிடம் இல்லாத சங்கதி. ஆண்பால் பெயருக்கு முன்னால் எல், பெண்பாலுக்கு லா. காபி ஆண்பால், அதில் ஊற்றும் பால், 'லா லெச்சே', பெண்பால். காரணம் தேடினால் காபி ஆறிவிடும். பெயரோடு சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சரி, எழுவாய் எது? காபிதான். சந்தேகம் இருந்தால் மாம்பழங்களை வைத்துப் பாருங்கள்: 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. பழங்கள் பன்மை, உடனே குஸ்தா 'குஸ்தான்' ஆகிவிட்டது. நம் 'பிடிக்கும்' அசையாது. ஆனால் இறந்தகாலத்தில் பழம் பிடித்தது, பழங்கள் பிடித்தன என்று எழுதுகிறோம் அல்லவா? அதே வேலைதான்.

தலைவலிக்கும் இதே அச்சு: 'மே துவேலே லா கபேசா', எனக்குத் தலை வலிக்கிறது. 'என் தலை' என்று சொல்ல வேண்டியதில்லை. வலி யாருக்கு என்பதை 'மே' சொல்லிவிட்டது.

இதே தைரியத்தில் பசிக்குப் போனால் மாட்டிக்கொள்வோம். அங்கே 'எனக்கு' கிடையாது. 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது 'பசி வைத்திருக்கிறேன்' என்பதுபோல. 'தெங்கோ'வின் கடைசி 'ஓ'வே நான் என்று காட்டிவிடுவதால் யோ தேவையில்லை. நாம் 'வந்தேன்' என்று மட்டும் சொல்வதில்லையா, அப்படி.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்பதில் நாம் 'ஐ' போட்டு இரண்டாம் வேற்றுமைக்குப் போகிறோம். ஸ்பானிஷில் அங்கேயும் நீதான் எழுவாய்: 'மே குஸ்தாஸ்'. ஆனால் இதை ஆபீஸ் நண்பரிடம் சொல்லிவிடாதீர்கள், காதலைச் சொன்னதாகிவிடும்! நட்புக்கு 'மே காயெஸ் பியென்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'நீ எனக்கு நன்றாக விழுகிறாய்'.