நாம் புரட்டிவிடும் அதிகாரம்

அன்பான நேயர்களே, வணக்கம்.

"நான் சபையில் ஒன்றும் பெரிய ஆள் இல்லை ஐயா, சும்மா வந்து போகிற விசுவாசிதான்." இப்படிச் சொல்கிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதாகமத்தில் ரோமாபுரி சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதமான ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரம் ஞாபகம் வரும். இன்னாரை வாழ்த்துங்கள், இன்னாரை வாழ்த்துங்கள் என்று வெறும் பெயர்களாக வருமே, அதுதான். உபதேசமெல்லாம் முந்திய அதிகாரங்களிலேயே முடிந்துவிட்டது என்று பலரும் அதை வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

பவுல் அதுவரை ரோமாபுரிக்குப் போனதே இல்லை. அப்படியும் அங்கே இருபது பேருக்கு மேல் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நான்கு பெண்களைப் பற்றியும் பிரயாசப்பட்டவர்கள் என்கிறார். மூலமொழியான கிரேக்கத்தில் அது, உடம்பு களைத்துப்போகும் அளவுக்குப் பாடுபடுவதைக் குறிக்கும் சொல். என்ன வேலை செய்தார்கள் என்று எழுதவில்லை. ஆனால் அவர்கள் களைத்தது பவுலுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் ரூபு என்பவரின் தாய். அந்த அம்மாவின் பெயர்கூட இல்லை. 'எனக்கும் தாய்' என்கிறார். அடிபட்டு, சிறைப்பட்டு, ஊர் ஊராக அலைந்த மனிதர் பவுல். அவரையும் ஒரு பிள்ளையாகப் பார்த்துக்கொள்ள யாரோ ஒருவருக்கு மனம் இருந்திருக்கிறது. இந்த வரியை என்னால் சுலபமாகக் கடந்துபோக முடிவதில்லை.

சரி, அந்த நிருபத்தைத் தன் கையால் எழுதியவர் யார்? தெர்தியு. பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர், கடைசியில் தன் வாழ்த்தையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அதை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவர் கொரிந்துக்கு அருகிலிருந்த கெங்கிரேயா துறைமுக ஊரின் சபையைச் சேர்ந்த பெபேயாள் என்ற பெண் என்பது வேத அறிஞர்கள் பலருடைய கருத்து. சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், சுமந்தவர் ஒருவர். இதில் யாரை விட்டுவிட முடியும்?

இன்றும் ஆராதனைக்கு முன்பே வந்து கதவு திறந்து விளக்குப் போடுகிறவர் உண்டு. இரண்டு வாரமாக வராத ஒருவரைக் கவனித்து, வீடு தேடிப் போகிறவர் உண்டு. அவர்களுடைய பெயர் போதகருக்குத் தெரிய வேண்டும் என்பேன். பிரசங்கத்தைத் தயாரிக்கும் அதே அக்கறையோடு அந்தப் பெயர்களையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த அதிகாரத்தின் 23ஆம் வசனத்தை இன்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஏரஸ்து என்பவர் பட்டணத்து உக்கிராணக்காரர், அதாவது நகரத்தின் பொருளாளர், பெரிய பதவி. அதே வசனத்தில் அவருக்குப் பக்கத்திலேயே குவர்த்து என்று ஒருவர். அவருக்குப் பதவி எதுவும் சொல்லப்படவில்லை. 'சகோதரன்' என்று மட்டும் இருக்கிறது.