டூமாவின் கைகளைக் கட்டியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

ரஷ்யாவில் அரசியல் சாசன முடியாட்சி முளையிலேயே கருகியதற்குக் காரணம் ஜார் மன்னரா, கடேட் எனப்படும் அரசியல் சாசன ஜனநாயகக் கட்சியின் மிதவாதிகளா? "கடேட்டுகள் அவசரக்காரர்கள், பொறுத்திருந்தால் இரண்டாம் நிக்கோலஸ் இறங்கி வந்திருப்பார்" என்றார் எதிரணி நண்பர். தேதிகளைப் பாருங்கள் ஐயா! எல்லாம் ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி.

டூமா எனும் நாடாளுமன்ற அவையின் ஒப்புதலின்றி எந்தச் சட்டமும் செல்லாது என்று மன்னர் வாக்களித்தது 1905 அக்டோபர் 17. டூமா கூடியது 1906 ஏப்ரல் 27. இடையில் என்ன நடந்தது? மார்ச் 8-இல் ஒரு விதி: பட்ஜெட் நிறைவேறாவிட்டால் பழைய பட்ஜெட்டே தொடரும். ஏப்ரலில் பிரான்ஸை முதன்மையாக நம்பி 225 கோடி ஃபிராங்க் கடன். ஆக, பணத்தை நிறுத்தி மன்னரை வழிக்குக் கொண்டுவரும் வாய்ப்பு, உறுப்பினர்கள் இருக்கையில் அமரும் முன்பே பறிபோனது. ஏப்ரல் 23-இல், அரசியல் சாசனமாக, அடிப்படைச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவில் 'வரம்பற்ற' என்ற சொல்லை எடுக்கவே மன்னருக்கு மனம் வரவில்லை. எடுத்தார், 'எதேச்சாதிகாரம்' அப்படியே நின்றது. அமைச்சர்கள் அவருக்கு மட்டுமே பதில் சொல்வார்கள்.

கடேட்டுகள் கேட்டது என்ன? டூமாவுக்குப் பொறுப்பான அமைச்சரவை, அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு, இழப்பீடு கொடுத்து நிலம் எடுத்து உழவருக்குத் தருவது. இதுவா தீவிரவாதம்? மே 13-இல் பிரதமர் கோரெமிகின் அவைக்கு வந்து, நிலத்தை எடுப்பது கூடவே கூடாது என்றார். அவை நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டது. ஓர் அமைச்சரும் நகரவில்லை. ஜூலை 9-இல் அவை கலைக்கப்பட்டது. உறுப்பினர்கள் கண்டது, அவை கூடிவந்த அரண்மனையின் பூட்டிய கதவு!

கலைப்பை எதிர்த்து உறுப்பினர்கள் வைபோர்க் நகரில் வெளியிட்ட அறிக்கை தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். வரி கொடுக்காதீர்கள் என்றார்கள். அரசின் வருவாயில் பெரும்பங்கு மறைமுக வரியும் வோட்கா ஏகபோகமும்; அதை மறுப்பது எப்படி? படைக்கு ஆள் தராதீர்கள் என்றார்கள். ஆளெடுப்போ அதன்பின் இலையுதிர் காலத்தில்தான். கையெழுத்திட்டவர்களுக்கு 3 மாதச் சிறை, தேர்தலில் நிற்கும் உரிமையும் போயிற்று.

மன்னரின் மீறலுக்கு? அவை கூடாதபோது அவசரச் சட்டம் போட அனுமதித்த அவருடைய அடிப்படைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவே, தேர்தல் விதிகளை அப்படித் தொடக்கூடாது என்றது. 1907 ஜூன் 3-இல் இரண்டாம் டூமாவையும் கலைத்து, அதே நாளில், எந்த அவையையும் கேட்காமல், தேர்தல் சட்டத்தையே மாற்றினார். அவரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், நண்பரே?